மே மாதத்திலேயே வா

வேகா தீவுகள்,
மே 12

அன்பு மகள் ஓட்னிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தை மாரெனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை, ஒரு வருடமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லையே.

ஏப்ரல் கடைசியில்தான் ஈடர் வாத்துகள் கடலிலிருந்து முட்டையிடக் கரையேறின. காய்ந்த கடற்பாசி பரப்பி நாற்பது குடில் தயாராக வைத்திருந்தேன். முதலில் வந்த மகராசிக்கு அதில் ஒன்றும் பிடிக்கவில்லை. நேரே வீட்டுக்குள் நுழைந்து மாடிப்படிக்கு அடியில் குடியேறிவிட்டாள். அவளுக்காகக் கதவைச் சாத்துவதே இல்லை; சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு சாப்பிடுகிறோம்.

அவள் வந்த அன்றுதான், ஒரு வருடம் பொறுத்திருந்த உன் அம்மா வாயைத் திறந்தாள். "வாத்துக்குக் கதவத் தெறந்து வெச்சிருக்கீங்க. பேத்திக்குச் சாத்திட்டீங்களே" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், படிக்கு அடியில் இருப்பவள் பயந்துவிடக் கூடாதே என்று.

போன வருடம், கைக்குழந்தையோடு மே மாதம் வரட்டுமா என்று நீ கேட்டிருந்தாய். மே மாதம் வேண்டாம், பிள்ளை அழுதால் வாத்துகள் கூட்டை விட்டுப் போய்விடும் என்று ஒரே வரியில் எழுதிப் போட்டேன். அடைகாக்கும் காலத்தில் நாம் துணி உலர்த்துவதில்லை, ஆணி அடிப்பதில்லை, புது ஆளைக் கரையேற்றுவதில்லை. கூட்டில் அவை விட்டுப்போகும் இறகில்தானே நம் பிழைப்பு, உனக்குத் தெரியாததா என்று நினைத்தேன். உன் பிள்ளையைப் புது ஆள் என்று சொல்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. தப்பு என்னுடையதுதான் அம்மா.

இப்போது சொல்வதைக் கேட்டுச் சிரிக்காதே. கரையேறிய நாளிலிருந்தே கேட்டு வந்தால் வாத்து எந்தச் சத்தத்துக்கும் பழகும். அதனால் மறுநாளிலிருந்து காலையும் மாலையும் கரையில் நின்று குழந்தைபோல அழுகிறேன். முதல் நாள் குரலே வரவில்லை. நாற்பது வருடமாக மே மாதத்தில் கிசுகிசுத்தே பழகியவன். இப்போது நன்றாக வருகிறது. எனக்கு என்னமோ ஆகிவிட்டதென்று பக்கத்துத் தீவு ஹோகுன் துடுப்புப் போட்டு வந்து பார்த்துவிட்டுப் போனான். பாரம்பரியப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வாத்து எண்ண வந்த பெண், இது எந்தக் காலத்து வழக்கம் என்று நோட்டும் கையுமாகக் கேட்டாள். இந்த வருடத்து வழக்கம் என்றேன்.

இரண்டு வாத்துகள் கோபித்துக்கொண்டு போய்விட்டன. போகட்டும். மிச்சம் முப்பத்தொன்று தலையைக்கூடத் திருப்புவதில்லை.

போன வருடத்து இறகில் மாரெனுக்கு அம்மா ஒரு போர்வை தைத்திருக்கிறாள். தபாலில் அனுப்பமாட்டாளாம்.

ஜூனில் குஞ்சுகளோடு எல்லாம் கடலுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு வா என்று சொல்லமாட்டேன், மே மாதத்திலேயே வா. படகு முனை திரும்பியதும் மோட்டாரை மட்டும் நிறுத்தச் சொல்லிவிடு. நான் துடுப்புப் படகில் வந்து அழைத்துக்கொள்கிறேன். மாரெனுக்கு என் முகம் புதிது, கண்டதும் அழத்தான் செய்வாள். வாய்விட்டு அழட்டும். அந்தச் சத்தம் இங்கே வாத்துகளுக்கெல்லாம் பழகிவிட்டது. உன் அப்பனுக்குத்தான் இன்னும் கேட்கக் கிடைக்கவில்லை.

குழந்தை நூறு வயது இருக்கட்டும்.

வழி பார்த்திருக்கும்,
அப்பா ஸ்வெர்ரெ