ஒரு நிஜ வயலின்

மார்ச் 3

வாயாடிக்கு,

நலமா? நீ வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம். லிஃப்ட் ரிப்பேர் முடித்து வந்தால் பேச ஆள் இல்லை. பின்னறையில் கணினியை வைத்துப் பாட்டுப் பதிவு செய்யப் பழகிவிட்டேன். எல்லா வாத்தியமும் சேர்ந்துவிட்டது, கணினி வாசிக்கும் வயலின் மட்டும் பொய்யாகக் கேட்கிறது. மேல்வீட்டுத் தையல்காரர் கேட்டுவிட்டு, "என்னப்பா, உள்ள கொசு புகுந்துடுச்சா?" என்றார். மேடையில் வாசிப்பவள் நீ. நிஜம்போலக் கேட்க என்ன செய்யட்டும்?

உன் லிஃப்ட்காரன்

மார்ச் 14

லிஃப்ட்காரருக்கு,

நலம். ஏழு வருஷக் குடித்தனத்தில் அடுத்த அறையில்தான் வாசித்தேன். கேட்பதற்கு இப்போதுதான் நேரம் வந்திருக்கிறது. போகட்டும்.

கணினி எல்லாச் சுரத்தையும் ஒரே அழுத்தத்தில் வாசிக்கும். கை அப்படி வாசிக்காது. வில் திரும்பும் இடத்தில் ஒலி கொஞ்சம் மெலியும், அங்கே குறையுங்கள். சுரங்களைத் தாளத்தில் ஆணி அடித்தாற்போல் வைக்காதீர்கள், நூலிழை முன்பின் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேல் ஒரே ஒரு நிஜ வயலினைச் சேர்த்தால், காது மற்றதையும் நம்பிவிடும்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

வாயாடி

ஏப்ரல் 2

வாயாடிக்கு,

சொன்னபடியே செய்தேன். "கொசு போயிடுச்சு. ஆனா வாசிக்கிற ஆளைக் காணோமே" என்கிறார் தையல்காரர்.

அந்த ஒரு வயலினுக்கு நீ வருவாயா? எதிரொலி வராமல் இருக்கச் சுவரில் கம்பளி மாட்டியிருக்கிறேன். கை இடிக்காத நாற்காலியும் வாங்கிவிட்டேன். வாசித்துவிட்டுப் போ. இருந்துவிட்டாலும் சரிதான்.

உன் லிஃப்ட்காரன்

ஏப்ரல் 19

லிஃப்ட்காரருக்கு,

வர மாட்டேன். கோபம் இல்லை.

இங்கேயே நான்கு தடவை வாசித்துப் பென்டிரைவில் போட்டிருக்கிறேன். மூன்றாவது நன்றாக வந்திருக்கிறது. தொடங்குமுன் நான் மூச்சு இழுப்பது கேட்கும், அதை வெட்டாதீர்கள்.

வாயாடி

மே 6

வாயாடிக்கு,

பாட்டு முடிந்தது. தையல்காரர் கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டுவிட்டு மாடி ஏறிப் போனார்.

மூச்சை வெட்டவில்லை. ஆனால் அதற்கு முன்னால் யாரோ உன் பக்கத்தில் டம்ளர் வைக்கும் ஒலி இருக்கிறது. "நீ வாசி, நான் வெளிய இருக்கேன்" என்று ஒரு ஆண்குரல். பிறகு கதவு. அதைச் சாத்துவது காதில் விழ நான் பத்துத் தடவை கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவு மெல்லச் சாத்துகிறார். நீ வாசிக்கும்போது நான் டிவி சத்தத்தைக்கூடக் குறைத்ததில்லை.

உன் வக்கீல் அனுப்பியிருந்த விவாகரத்துப் பத்திரத்தை இத்தனை நாள் பிரிக்காமலே வைத்திருந்தேன். கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்புகிறேன்.

லிஃப்ட்காரன்