நீங்கள் நடந்து வந்த காட்சி

அண்ணே,

இன்று மாலை உறையூரில் எடிட்டிங் முடித்துவிட்டு பஸ் ஏற நடந்துகொண்டிருந்தேன். வழியில் ஒரு கடையில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டி, வார்னிஷ் பூசிக் காயவைத்திருந்தார்கள். உங்கள் துறையூர்க் கடையின் அதே வாசனை. நீங்கள் போனபிறகு அந்தக் கடைப்பக்கம் போக எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று நடுத்தெருவில் நின்று அழுதேன்.

மோட்டார் கடைக்காரர் பணம் போட்டுப் படம் எடுக்கிறார் என்றதும் ஊரே சிரித்தது. டைரக்டர் ஒரு பெண் என்றதும் இன்னும் கொஞ்சம் சிரித்தது. முதல் படத்துக்குத் தியேட்டர் கிடைக்காமல் நான் முடங்கிக் கிடந்தபோது, நீங்கள் ஒரு கல்யாண மண்டபத்தைப் பேசிவிட்டு வந்து நின்றீர்கள். "முகூர்த்தம் இல்லாத நாளு, சும்மாதானே கெடக்கு? போட்டுக் காட்டுவோம்மா."

அன்று தொடங்கியது அந்தக் கிறுக்குத்தனம். திரைக்குக் கீழே நாற்காலியைப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி, சனங்களைப் பார்த்து உட்கார்ந்தீர்கள். மறுநாள் காலையில் போன் செய்தீர்கள். "கெணத்தடி சீன்ல பாதிப் பேரு செல்லை எடுத்துட்டாங்கம்மா. வெட்டிடு." நான் சண்டை போட்டேன். "எனக்குப் படம் தெரியாது, மொகம் தெரியும்" என்றீர்கள். கொஞ்ச நாள் உங்களோடு பேசாமல் இருந்துவிட்டு, வெட்டினேன். அடுத்த படத்திலும் இதே கதைதான்.

இந்தப் படத்துக்கு ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் ஷூட்டிங். தெருவில் நடந்துபோகும் பெரியவராக நடிக்க வேண்டியவர் வரவில்லை. "நடக்கத்தானே வேணும், நான் நடக்குறேன்" என்று மஞ்சப்பையோடு கிளம்பிவிட்டீர்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக ஒரு நடை. எடிட்டிங்கில் அதைப் பார்த்ததும், "ஐயய்யோ, நான் வந்ததும் படம் படுத்துடுதே! தூக்கிடும்மா" என்றீர்கள். கல்யாண மண்டபத்தில் போட்டுப் பார்த்து முடிவு செய்யலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். அதற்குள் உங்களுக்கு மாரடைப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபத்தில் படம் போட்டோம். உங்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் திரையில் உங்கள் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க உயிர் துடித்தது, பார்க்கவில்லை. எதிரே ஒவ்வொரு செல்லாக வெளிச்சம் வந்தது. முன்வரிசையில் அண்ணி மட்டும் முந்தானையை வாயில் வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு முகம் போதாதா என்று கெஞ்சினேன், யாரிடம் என்று தெரியவில்லை.

படம் முடிந்ததும் அண்ணி என்னிடம் வந்தார்.

"அவரு வர்றப்ப எல்லாரும் செல்லு பாத்தாங்களாம்மா?"

"ஆமாங்கண்ணி."

"அப்ப வெட்டிடும்மா. அவரு இருந்தா விடுவாரா?"

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

நீங்கள் அசைவதைக் காட்டும் படம் வேறெதுவும் எங்களிடம் இல்லை. அந்தக் காட்சியின் ஒரு பிரதியை அண்ணியின் செல்லுக்கு அனுப்பிவிட்டு, இன்று வெட்டினேன். முகம் பார்க்கிற புத்தியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். இனி சாகும்வரை அதைச் சுமக்க வேண்டும்.

வெட்டியபின் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். முன்னும் பின்னும் அழகாக ஒட்டிக்கொண்டது. படம் இப்போது நன்றாக இருக்கிறது அண்ணே. நீங்கள் அதில் இருந்ததே தெரியவில்லை.