லாரிப் பட்டையில் ஒரு விரிசல்

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம், நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். புதன்கிழமை உன் அப்பாவிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவர் உனக்கு அனுப்பக் கட்டிவைத்திருக்கும் லாரி ஸ்பிரிங் பட்டையில் விரிசல் இருக்கிறது. நான் உனக்குச் சித்தியாக இந்த வீட்டுக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது, முதல் கடிதம் இதற்காக எழுத வேண்டியதாயிற்று.

கோடாலி செய்து பழகப்போகிறேன், எந்த இரும்பு நல்லது என்று நீ ஃபோனில் கேட்டதிலிருந்து அவர் கால் தரையில் பாவவில்லை, நீ வீட்டை விட்டுப் போன நாலு வருஷத்தில் அவரிடம் கேட்டது அது ஒன்றுதான். ஷெட்டில் கிடந்த, அவர் ஓட்டிய வண்டியின் ஸ்பிரிங் பட்டையை எடுத்து ஓரத்தைக் கிரைண்டரில் வைத்தார், பொறி பூப்பூவாகச் சிதறியது. “பாத்தியா, இது இரும்பில்ல, தங்கம். உங்க கடையில இருக்கறதெல்லாம் இதுக்கு முன்னாடி தகரம்” என்று என்னைச் சீண்டினார். இரும்புக் கடையில் ஸ்டோர் பார்ப்பதால் வீட்டில் எனக்குத் ‘துருப்பிடிச்ச மேடம்’ என்று பெயர், உன் தங்கை சின்னவளும் அப்படித்தான் கூப்பிடுகிறாள், முன்பல் விழுந்துவிட்டதால் அவளுக்குப் பாதிதான் வருகிறது. மதியம் அவர் தூங்கும்போது பட்டையை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடி தடவினேன், பழைய இரும்பு வந்தால் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கக் கடையில் செய்வதுதான். நடு போல்ட் ஓட்டையிலிருந்து மயிரிழை போல ஈரக்கோடு ஒன்று வெளியே வந்தது. பொறியைப் பார்த்தால் இரும்பின் வகை தெரியும், அது பட்ட பாடு தெரியாது. ஒரு விரிசல் தெரிகிறதென்றால் தெரியாதவை இன்னும் இருக்கலாம், காய்ச்சி எண்ணெயில் முக்கும்போது பிளக்கும், இல்லாவிட்டால் வெட்டும்போது துணுக்கு தெறித்துக் கண்ணுக்கு வரும். அவர் எழுந்து வந்து, “என்ன மேடம், என் தங்கத்துக்குப் பவுடர் போட்டுவிடறியா” என்றார். தூசி தட்டினேன் என்றேன். அவரே துடைத்துச் சாக்கில் சுற்றிவிட்டார்.

அதனால் பார்சலின் அடியில் நாற்பது மில்லிமீட்டர் சதுரக் கம்பி ஒரு துண்டு வைத்திருக்கிறேன், ஈஎன் எட்டு ரகம் என்று கேட்டால் எந்தப் பட்டறையிலும் தெரியும். கூர் அவ்வளவு நாள் நிற்காது, அடிக்கடி தீட்ட வேண்டும், ஆனால் முதல் கோடாலியில் நீ செய்யப்போகிற தப்புகளைப் பொறுத்துக்கொள்ளும். பட்டை பன்னிரண்டு மில்லி கனம்தான், அதை மடித்து அடித்துக் காம்புக்கு ஓட்டை விட்டு ஒட்டுவது பழகாத கைக்கு வராது, இதில் நேராகவே துளைக்கலாம். ஆரஞ்சு நிறத்தில் அடி, மங்கினால் மறுபடி காய்ச்சு. துத்தநாக முலாம் பூசிய பைப், போல்ட் எதையும் நெருப்பில் வைக்காதே, அந்தப் புகை ஆளைச் சாய்த்துவிடும்.

பட்டையில்தான் செய்தேன் என்று அப்பாவிடம் சொல்லிவிடு. கிளம்புகிற அன்று “உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா” என்று நீ சொன்னதை அவர் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, நான் சமையலறையில் இருந்து கேட்டதுதான். அதை இரண்டாவது தடவை அவர் கேட்க வேண்டாம்.

உன் கையும் கண்ணும் பழுதில்லாமல், நினைத்தது கைகூடி, நீ நிறைவாக இருக்க வேண்டும். கண்ணாடி போடாமல் சுத்தியலைத் தொடாதே.

இப்படிக்கு,
உன் சித்தி

பி.கு.: பார்சலுக்குள் வைத்திருந்த இந்தக் கடிதத்தை உன் அப்பா பார்த்துவிட்டார். கனம் கூடியிருக்கிறதே என்று பிரித்திருக்கிறார். முழுவதும் படித்தார். “நாப்பது மில்லி போதுமா” என்று மட்டும் கேட்டார், போதும் என்றேன். பட்டையை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பார்சலை மறுபடி கட்டி, இன்று காலை அவரே கொண்டுபோய் அனுப்பினார். கடிதத்தை நான் தனியாகத் தபாலில் போடுகிறேன். பார்சலில் சதுரக் கம்பி மட்டும் வருகிறது.