கை ஆடும் வேகம்

புது டைவிங் மாஸ்க்கின் கண்ணாடியில் உட்புறமாகப் பற்பசை தடவித் தேய்க்க வேண்டுமாம். தயாரிக்கும் இடத்திலிருந்தே அதன் மேல் ஒரு மெல்லிய படலம் ஒட்டிக்கொண்டு வரும். அதைப் போக்காவிட்டால் தண்ணீருக்குள் போனதும் கண்ணாடி மங்கிவிடும். இன்று காலை வாஷ்பேசினில் நின்று விரலால் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். புது ரப்பரும் பற்பசையும் கலந்த வாசனை. உங்கள் ஞாபகம் வந்தது.

வால்பாறையில் குளிரிலிருந்து தேயிலை பேக்டரிக்குள் நுழைந்ததும் உங்கள் கேமரா லென்ஸ் இப்படித்தான் மங்கும். துடையுங்கள், நேரமாகிறது என்பேன் நான். "தொடச்சா கோடு உழுந்துருமுங்க. கொஞ்ச நேரம் நின்னா அதுவே தெளிஞ்சுக்கும்" என்பீர்கள். அது தெளியும் வரை சும்மா இருக்க மாட்டீர்கள். இலை வாடுவதற்கு எவ்வளவு நேரம், வாடாத இலையை என்ன செய்வீர்கள், இந்த வாசனை வீட்டுக்குப் போன பிறகும் சேலையில் இருக்குமா என்று அங்கிருக்கும் பெண்களிடம் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். நிருபர் நான்தான். ஆனால் என் செய்தியின் நல்ல வரிகள் பலவும் உங்கள் லென்ஸ் மங்கியிருந்த நேரத்தில் கிடைத்தவை.

லட்சத்தீவுக்குப் போகிறேன். கொச்சி வரை ரயில், அங்கிருந்து கப்பல், தீவிலிருந்து படகு. கரையை விட்டுத் தள்ளி ஒரு பவளத்திட்டு இருக்கிறது. முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு அங்கே கடலடிக்கு இறங்க வேண்டும். இந்த வயதில் இது தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். டாக்டர் காதையும் நெஞ்சையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார்.

என்னைக் கூப்பிட்டது உங்கள் மகள். கடலுக்குள் யாரும் தனியாக இறங்கக்கூடாது, இரண்டிரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும். வருகிறேன் என்று சொன்ன ஆபீஸ் தோழி கடைசியில் பின்வாங்கிவிட்டாளாம். "மாமா, நீங்க வாறீங்களா? அப்பாவா இருந்தா நாங் கேக்கறதுக்கு முந்தியே துண்ட எடுத்துப் பையில வச்சிருப்பாரு" என்றாள்.

வைத்திருப்பீர்கள். பவளப்பாறையைப் பற்றி ஒருமுறை டிவியில் பார்த்துவிட்டு வந்து ஆபீஸ் வாசலிலேயே என்னை நிறுத்தினீர்கள். "ஏனுங்க, அத்தினியூண்டு பூச்சி ஊடு கட்டி ஊடு கட்டி ஒரு தீவே ஆயிருச்சாமா. உள்ள இன்னும் குடியிருக்குதா, காலி பண்ணிப்போட்டுப் போயிருச்சா?" அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது படித்தேன். மேல் அடுக்கில் மட்டும்தான் உயிர் குடியிருக்கிறது. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் காலியான வீடுகள். ஒன்று காலி செய்துவிட்டுப் போன வீட்டின் மேல்தான் அடுத்தது கட்டுகிறது.

கடலுக்குப் போகும் முன் இங்கே கோவையிலேயே ஒரு நீச்சல் குளத்தில் பயிற்சி. சொல்லித் தருபவர் தூத்துக்குடிப் பெண்; தீவுக்கும் அவர்தான் கூட்டிப் போகிறார். தண்ணீருக்கு அடியில் பேச்சு கிடையாது, கை மட்டும்தான். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து வளையமானால் நலம். கட்டைவிரலைத் தூக்கினால் மேலே போகலாம். எல்லாம் புரிந்துதான் இறங்கினேன். அடியில் போய் உட்கார்ந்ததும் அவர் வளையத்தைக் காட்டி, நலமா என்று கேட்டார். நானும் பதில் சொன்னேன். உடனே என் தோளைப் பிடித்து மேலே கொண்டுவந்துவிட்டார்.

காது வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். மறுபடி இறங்கினோம். மறுபடி மேலே வந்தோம். மூன்றாவது முறை கரையில் உட்கார்ந்திருந்த உங்கள் மகள் சிரிப்பை அடக்க முடியாமல், "அக்கா, அவரு ஓடுதுங்கறாருங்க" என்றாள்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து இப்படியும் அப்படியும் ஆட்டியிருக்கிறேன். கருமத்தம்பட்டியில் உங்கள் அப்பாவின் தறிக்குடோனில் பிறந்த சைகை அது. இருபது விசைத்தறி ஓடும் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. நூல் அறுந்ததற்கு ஒரு சைகை, டீ வந்ததற்கு ஒன்று. தறியில் நூலைச் சுமந்துகொண்டு நாடா போய்ப் போய் வருவதைப் போலக் கையை ஆட்டினால், தறி ஓடுது, கவலை இல்லை. அந்தச் சைகையை நீங்கள் எங்கள் தொழிலுக்குக் கொண்டுவந்தீர்கள். கூட்டத்தின் அந்தப் பக்கம் ஏணி மேல் நின்றுகொண்டு கையை ஆட்டுவீர்கள். படம் கிடைத்துக்கொண்டிருக்கிறது, ஆளைப் பேச வைத்துக்கொண்டே இருங்கள் என்று எனக்குப் புரியும்.

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "எங்களுக்கு அது பிரச்சினைன்னு அர்த்தம் சார். நீங்க நல்லா இருக்கும்போதே இப்படிக் காட்டினா, நெசமாவே முடியாதப்ப நான் எதை நம்புறது?" என்றார். ஞாயிற்றுக்கிழமை கடைசி வகுப்பு. அதிலும் கை இப்படியே போனால் நான் படகில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான், உங்கள் மகளோடு அவரே இறங்குவார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கோ இறங்கியே ஆக வேண்டும் என்று இருந்தது. இத்தனை வருடம் அடுத்தவர் பார்த்ததைக் கேட்டு எழுதியவன் நான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஒரு சொல் கூடவே வந்தது. பிரச்சினை. நீங்கள் கடைசியாக எனக்குக் காட்டியதும் அதே சைகைதானே. ஆஸ்பத்திரியில் உங்களுக்கு மூக்கையும் வாயையும் மூடி ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி, உங்கள் மகள் இருந்தாள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று புருவத்தைத் தூக்கிக் கேட்டேன். நீங்கள் கையை ஆட்டினீர்கள். ஓடுது. நான் நிம்மதியாக ஆபீஸுக்குப் போனேன். மறுநாள் காலை நீங்கள் இல்லை.

அந்தக் குளத்துப் பயிற்சிக்கு அடுத்த நாள் மாலை உங்கள் மகளை ஒரு பேக்கரியில் பார்த்தேன். டீயும் தேங்காய் பன்னும் வந்த பிறகு, அந்தச் சைகைக்கு ஓடுது என்பதைத் தவிர வேறு அர்த்தம் உண்டா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"வேகமா ஆட்டுனாரா, மெதுவாவாங்க மாமா?"

அதில் வேகம் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. அவள்தான் சொன்னாள். வேகமாக ஆட்டினால், ஓடுது, நீங்க உங்க சோலியைப் பாருங்க. மெதுவாக ஆட்டினால், ஓடுதுதான், ஆனா தள்ளிப் போயிராதீங்க, பக்கத்துலயே இருங்க. ஏணி மேல் நின்று நீங்கள் ஆட்டியதெல்லாம் வேகம்தான். அதனால் மெதுவை நான் கற்றுக்கொள்ளவே இல்லை. ஆஸ்பத்திரியில் நீங்கள் ஆட்டியது மெதுவாக, மிக மெதுவாக.

ஆனால் அந்தக் கையில் ஊசி குத்திப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. உடம்பில் தெம்பும் இல்லை. வேகமாக ஆட்ட நினைத்திருந்தாலும் அப்படித்தான் ஆடியிருக்கும். நீ பார்த்தாயா என்று அவளிடம் கேட்டேன். "இல்லீங்க மாமா. நா அப்பாவோட இன்னொரு கையப் புடிச்சிட்டு அவரு மொகத்தத்தான் பாத்துட்டிருந்தேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "பக்கத்துல நா இருந்தனுங்க" என்றாள். எனக்காகத்தான் அதைச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

ஆக, ஒரே சாட்சி நான். அதுவும் கண்ணாடிக்கு வெளியே நின்ற சாட்சி. இப்படி ஒரு செய்தியை எழுதிக் கொடுத்தால் எந்த ஆசிரியரும் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை இறங்கினோம். நாங்கள் இருவர், இன்னொரு ஜோடி, பயிற்சியாளர். அவர் வளையம் காட்டியபோதெல்லாம் நானும் வளையம் காட்டினேன். கை ஆடத்தான் பார்த்தது. மறு கையால் பிடித்துக்கொண்டேன். பிறகு அவர் குளத்தின் அந்தக் கோடியில் மற்ற ஜோடியைக் கவனிக்கப் போனார். உங்கள் மகளின் மாஸ்க் பட்டை நழுவி, கண்ணாடிக்குள் பாதி வரை தண்ணீர் ஏறியது. என் பக்கம் திரும்பினாள். அவள் கை மெதுவாக ஆடியது.

எந்த மொழியில் சொல்கிறாள் என்று நான் யோசிக்கவில்லை. போய் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எதிரே மண்டியிட்டேன். சொல்லித் தந்தபடி அவள் மாஸ்க்கின் மேல் விளிம்பை அழுத்தி மூக்கால் மூச்சை விட்டாள். தண்ணீர் வெளியேறியது. கண்ணைச் சிமிட்டினாள். வளையம் காட்டினாள். அதற்குப் பிறகும் நான் கையை விடவில்லை.

மேலே வந்ததும் பயிற்சியாளர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது. "நீங்க இறங்கலாம் சார்" என்றார். நான் உங்கள் மகளிடம் கேட்டேன். "எதுல சொன்ன கண்ணு, உங்க தறிக்குடோன் பாஷையிலயா, இவங்க பாஷையிலயா?"

"தெரியலீங்க மாமா. கை தானா ஆடிருச்சு."

வரும் வாரம் கப்பல். அங்கே பவளத்திட்டில் வேடிக்கை பார்க்க ஆயிரம் இருக்கும். பார்க்கத்தான் போகிறேன், திகட்டத் திகட்டப் பார்ப்பேன். ஆனால் உங்கள் மகளை விட்டு ஒரு கை நீளத்துக்கு மேல் தள்ளிப் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அன்று நீங்கள் எனக்குச் சொன்னது இரண்டில் எது என்று உறுதி செய்ய இனி வழியில்லை. அடுத்து யார் கை ஆடினாலும், அது எது என்று பக்கத்தில் இருந்துகொண்டே தெரிந்துகொள்ளலாம் என்றுதான் இப்போது தோன்றுகிறது.