வேலிக்கு அங்கால நிக்கிற பஸ்

என்ர ஆசை அண்ணாவுக்கு,

அல்பேர்ட்டாவில உங்கட வீட்டில இருந்து நேற்றுத்தான் ரொறன்ரோ வந்து சேர்ந்தனான். நீங்கள் செத்து வாற மாசம் ஒரு வருசம். வேலியில வைக்கச் சொல்லி நீங்கள் கேட்ட கேற் இன்னும் வரேல்லை. இதை முதலே சொல்லிப்போடுறன். போன் எடுத்தால் நீங்களும் அதைத்தானே முதல் சொல்லுவியள்.

இங்க அஜின்கோர்ட்டில இருந்த அப்பார்ட்மென்ரை விட்டிட்டு நீங்களும் வசந்தி அண்ணியும் அங்க போகேக்க எனக்குச் சரியான கோவம். வீடு வித்தவர் விரிச்சுக் காட்டின புதுக் குடியிருப்பின்ர வரைபடத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தனீங்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு நிறம், பூங்காவுக்கு ஒரு நிறம், பஸ் வரப்போற றோட்டுக்குப் புள்ளிக்கோடு. அந்தப் புள்ளிக்கோட்டை நம்பித்தானே அண்ணா போனனீங்கள்? வலிப்பு வருத்தம் இருக்கிறதால அண்ணிக்கு லைசன்ஸ் குடுக்க மாட்டினம் எண்டு தெரிஞ்சும்?

பள்ளிக்கூடம் வர வேண்டிய காணியில புல்லும் ஒரு போர்டும் நிக்குது. அதுக்குள்ள இன்னும் தூரத்தில வயலைக் கிண்டி அடுத்த குடியிருப்பைத் தொடங்கீற்றினம். பஸ் பக்கத்துக் குடியிருப்போட திரும்பிப் போகுது. உங்கட தெரு முடியிற இடத்தில நிண்டால், மரவேலிக்கு மேலால பஸ்சின்ர கூரை தெரியுது. வேலியில ஒரு ஆள் போற அளவுக்குக் கேற் வைச்சால் ஐஞ்சு நிமிச நடை. இல்லாட்டி நடைபாதையே இல்லாத பெரிய றோட்டால முக்கால் மணித்தியாலம் சுத்த வேணும்.

அந்தக் கேற்றுக்காக நீங்கள் வீடு வீடாய்க் கையெழுத்து வாங்கித் திரிஞ்சனீங்கள். நீ ஸ்காபரோவில பஸ் ஓட்டுறனி, நீ வந்து பேசினால் கேப்பினம் எண்டு என்னையும் கூப்பிட்டனீங்கள். நான் சிரிச்சனான். எல்லாரும் கார் வைச்சிருக்கிற ஊரில வேலியை உடைக்க உங்களுக்கென்ன விசரோ எண்டு கேட்டனான். அண்ணியை நீங்கள் காரில ஏத்தி இறக்கினதால அது எனக்குச் சின்ன விசயமாய்ப் பட்டுது. நீங்கள் இல்லாத ஒரு நாளை நான் யோசிக்கேல்லை. நீங்கள் யோசிச்சிருக்கிறியள்.

இந்த முறை அண்ணியோட கிளினிக்குக்குப் போக அந்த பஸ்சுக்கு நடந்து போனன். றோட்டுக்கரையில ஒதுக்கிவிட்ட பனிக்கு மேலால அவ முன்னுக்கு, நான் பின்னுக்கு. ட்ரக்குகள் எங்களை உரசுற மாதிரிப் போச்சுது. பாதி வழியில நிண்டு மூச்சு வாங்கினா. இத்தனை வருசமாய் பஸ் ஓட்டுறன். ஒராள் பஸ்சுக்கு எவ்வளவு தூரம் நடந்து வருது எண்டு ஒருநாளும் நினைச்சுப் பாத்ததில்லை.

அடுத்த நாள் நகரசபைக் கூட்டம். கேற் வேண்டாமெண்டு எழும்பிப் பேசினது ஆர் தெரியுமோ? எங்கட தமிழ் ஆள்தான். வேலிக்கு அங்கால முதல் வீட்டு சிவா அண்ணை. கண்ட ஆக்களும் வீட்டைக் கடந்து போய்வந்தால் பாதுகாப்பில்லையாம். பிறகு அண்ணி எழும்பினா. தனக்குத் தெரிஞ்ச இங்கிலிசில ரெண்டே வசனம் சொன்னா. "எனக்கு அந்த பஸ் தெரியுது. எனக்கு அதில ஏற வேணும்."

சபை இன்னும் ஆராய்ஞ்சு பாக்க வேணுமாம். அடுத்த வருசத்துக்குத் தள்ளி வைச்சிட்டினம்.

வாசலில சிவா அண்ணையை மறிச்சு, வசந்தி அண்ணியும் கண்ட ஆக்களில ஒண்டோ எண்டு கேட்டன். அவர் நிலத்தைப் பாத்தார்.

"தங்கச்சி, இந்த அமைதிக்காகத்தான் நாங்கள் இவ்வளவு தூரம் வந்தனாங்கள்."

அவர் கெட்ட மனுசன் இல்லை அண்ணா. அண்ணியைத் தன்ர காரில கொண்டுபோய் வீட்டை விடட்டோ எண்டும் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் கொதிச்சுது.

வீட்டை வித்துப்போட்டு என்னோட வாங்கோ எண்டு அண்ணியைக் கெஞ்சிப் பாத்தன். அவ மாட்டன் எண்டிட்டா. அந்தத் தெருவில நடக்கிறது அவ மட்டுமில்லையாம். மூண்டாம் வீட்டில இருக்கிற வயசான பஞ்சாபிக்காரர் நடக்கிறாராம். முதியோர் இல்லத்தில வேலை செய்யிற பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தியும் நடக்கிறாவாம்.

"நானும் வந்திட்டால் பிறகு ஆர் கேக்கிறது?" எண்டா.

எனக்கு ஆரோட கோவம் எண்டே தெரியேல்லை. வீடு வித்தவரோட, சபையோட, சிவா அண்ணையோட, சிரிச்ச என்னோட. உங்களோடையும்தான். ஏன் அண்ணா என்னை இன்னொருக்காக் கேக்கேல்லை? ரெண்டு பேச்சுப் பேசியெண்டாலும் இழுத்துக்கொண்டு போயிருக்கலாமே?

கோடை லீவு முழுக்க அங்க நிக்கப் போறன். வேலிக்கு அங்கால இருக்கிற ஒவ்வொரு கதவையும் தட்டுவன். சிவா அண்ணையின்ர கதவைத்தான் முதல். இருக்கச் சொன்னால் இருப்பன், தேத்தண்ணி தந்தால் குடிப்பன். ஓம் எண்டு சொல்லுமட்டும் எழும்ப மாட்டன்.

பிந்தி வந்த உங்கட தங்கச்சி,
வதனி