இருபத்தொன்பது பேர் ஊருக்கு நாற்பது பொட்டலம் கல்கல்

பிரேசர் டவுன், பெங்களூரு
நவம்பர் 20

அன்பு மகன் லாயிட்டுக்கு அம்மா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் நான் சுகம், அதாவது நேற்று சாயங்காலம் நாலு மணி வரை சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று வழக்கத்துக்குக் கேட்கவில்லை, இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன். போனில் பேசினால் கத்திவிடுவேன், இல்லாவிட்டால் அழுதுவிடுவேன், அதனால்தான் காகிதம். மாடியில் குடியிருக்கிற தாரணி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

நடந்தது இதுதான். அமெரிக்காவில் உன் சர்ச் ஜனங்களுக்குக் கிறிஸ்மஸுக்கு அனுப்ப மூன்று நாள் உட்கார்ந்து கல்கல் சுருட்டிப் பொரித்து, சர்க்கரைப் பாகில் புரட்டி, நாற்பது பொட்டலம் கட்டினேன், இடுப்பே விட்டுப்போச்சு. கூரியர்காரர் சர்ச் விலாசம் சரியாக வேண்டும் என்றார், தாரணியைப் போனில் தேடச் சொன்னேன். அவள் டவுன்ஷிப் என்கிறார்களே, நீ இருக்கிற அந்த ஊரின் சரித்திரம் எழுதிய இணையப் பக்கம் ஒன்றைத் திறந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். நாலு புறமும் ஆறு ஆறு மைல் வைத்து ஸ்கேல் பிடித்துக் கோடு போட்ட சதுர நிலமாம், மலையும் இல்லை ஆறும் இல்லை, வடக்கு மூலையில் ஒரு உப்பு ஏரி மட்டும். ரயில் வந்தபோது நார்வேக்காரர்கள் குடியேறி நானூறு பேர் இருந்தார்களாம். அப்புறம் மழை இல்லாமல் மண் காற்றில் பறந்து, பாதிப் பேர் போய், பள்ளிக்கூடம் மூடி, தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். இப்போது எத்தனை பேர் என்றேன், இருபத்தொன்பது என்றாள். லட்சமா ஆயிரமா என்று கேட்டேன் பாரு, இல்ல ஆன்ட்டி, வெறும் இருபத்தொம்போது என்கிறாள். ஐயோ தேவனே! நம் தெருமுனைப் பானிபூரி வண்டியைச் சுற்றி அதைவிட அதிகம் பேர் நிற்கிறார்கள்டா. கல்லறைத் தோட்டத்தில் மட்டும் இருநூறு பேர் இருக்கிறார்களாம்.

அதுகூடப் போகட்டும். ஊரில் இருந்த ஒரே சர்ச்சும் மூடி ஐம்பது வருஷம் ஆகிறதாம், யாரோ விவசாயி அதற்குள் கோதுமை கொட்டி வைத்திருக்கிறாராம். அடுத்த சர்ச் எழுபது மைல். அப்படியானால் இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் நீ போய் வந்த ஆராதனை எது? உன்னைச் சாப்பிடக் கூப்பிட்ட பாஸ்டர் அம்மா யார்? ஆர்கன் வாசிக்கிற அம்மாவுக்கு முட்டிவலி என்றாயே, பெண்கள் ஐக்கியத்தில் சொல்லி மூன்று மாதம் ஜெபம் பண்ணினோமே, இல்லாத முட்டிக்கா அத்தனை ஜெபம்? தைலம் வேறு அனுப்பினேன், அவங்க ரொம்ப தேங்க்ஸ் சொன்னாங்கம்மா என்றாயே பாவி, அதை யார் பூசினது, நீயா?

கோபத்தில் ஒரு பொட்டலத்தைப் பிரித்து நானே தின்றேன். தின்னத் தின்னக் கோபம் போய்ப் பயம் வந்தது. காற்றாலைக் கம்பத்தில் ஏறி வேலை செய்கிற பிள்ளை, கீழே இறங்கினால் பேச ஆள் இல்லாமல், அம்மா கவலைப்படுவாளே என்று ஒரு சர்ச்சையே கட்டி அதில் ஆட்களையும் நிரப்பியிருக்கிறான். இன்னும் மூன்று வருஷம் அங்கேயே இருக்க இந்த மாதக் கடைசியில் கையெழுத்துப் போடப்போகிறேன் என்றாயே, நல்ல ஜனங்கள் கூட இருக்கிறார்கள், தைரியமாகப் போடு என்று நான்தானே சொன்னேன். அந்தச் சொல்லை வாபஸ் வாங்குகிறேன்.

உன்னைத் திட்ட எனக்கும் யோக்கியதை இல்லை மகனே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போதெல்லாம் சித்தியும் ஜாய்சன் சித்தப்பாவும் பிள்ளைகளோடு சாப்பிட வந்திருக்கிறார்கள், வீடெல்லாம் ஒரே சத்தம் என்பேனே, அவர்கள் ஈஸ்டரோடு வீட்டைக் காலி பண்ணி ஓசூர் போய்விட்டார்கள். நீ கேட்டது டிவி சத்தம். நீ கூப்பிடுகிற நேரம் பார்த்து நான்தான் கூட்டி வைப்பேன்.

வருகிற ஞாயிறு கூப்பிடு. நான் டிவியை அணைத்து வைக்கிறேன், நீயும் அந்தப் பாஸ்டர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வராதே. நாம் இரண்டு பேர் மட்டும் பேசுவோம், அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே. மிச்சம் முப்பத்தொன்பது பொட்டலத்தையும் உன் பேருக்கே அனுப்புகிறேன். உன்னைத் தவிர அங்கே இருபத்தெட்டுப் பேர், ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்டிக் கொடு, மீதி உனக்கு. வாங்கினவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் சொன்னதை மட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். கம்பத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் கர்த்தர் உன்னைத் தாங்குவாராக.

டிவியை அணைத்துவிட்டு உன் போனுக்காகக் காத்திருக்கும்
அம்மா பியாட்ரிஸ்