வாரத்துக்கு ஆறு நாள்

மார்ச் 9, ஞாயிறு

நாற்பது வயது தாண்டிய பெண்கள் நீச்சலில் இன்று எனக்குத் தங்கம். ஹேமா பார்க்க மட்டும் வந்திருந்தாள், வலது கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு. தோளில் தசைநார் கிழிந்துவிட்டதாம்.

போன போட்டியில் என்னை முந்தியவள் அவள். அன்றைக்கே வந்து கேட்டாள்: "நான் இதுக்குப் புதுசு அக்கா. வாரத்துல எத்தனை நாள் நீந்தணும்?"

"ஆறு நாள், ரெண்டு வேளையும். தோள் வலிச்சா நிறுத்திடாதே, போகப் போகப் பழகிடும்" என்றேன்.

நான் தார்நாகாவில் நீந்துவது நாலே நாள், காலையில் மட்டும். அவள் ஊரின் மறுகோடியில் இருக்கும் கச்சிபௌலிக்காரி, வந்து பார்க்கவா போகிறாள்?

இன்று ஒற்றைக் கையால் என்னைக் கட்டிப்பிடித்தாள். "என் உடம்புதான் தாங்கலை. நீங்க இன்னும் ஆறு நாளும் போறீங்களா அக்கா?"

"ஹவ், ஆமா" என்றேன்.

யார் இவளை நம்பச் சொன்னது?

அலாரத்தை அணைத்துவிட்டேன். திங்கட்கிழமை எனக்கு ஓய்வு.